எஞ்சினின் நாடி பார்த்த வரலாறு

வைத்தியர் நாடி பிடித்து நோயறிவதைப் போல, மோட்டார் எஞ்சினின் நோயை அறியவும் ஒரு கலை உண்டு. அக்கலையின் ஒரு பகுதியாகிய, மெலிந்த கலவையைக் கண்டறியும் முறை வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

பெட்ரோல் எஞ்சினின் உணவு, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையாகும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சேர்ந்தால், இரண்டும் மீதமின்றி எரியும். காற்று இவ்வளவினும் மிகுந்தால் கலவை மெலிந்தது என்கிறோம். பளுவிழுக்கும் வேளையில் கலவை மெலிந்தால், வெப்பம் மிகுந்து வால்வுகளும் பிஸ்டனும் தீய்ந்துபோகக் கூடும். ஆகவே இது சிக்கனத்தை மட்டும் பற்றிய வினா அன்று. எஞ்சினின் உயிரையே பற்றியது.

1888 ஆகஸ்டில், பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சக்கர வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, அவர் தமது தொப்பி ஊசியாலேயே அடைப்பை நீக்கினார் என்பர். எரிபொருள் வரவு குன்றும் நோய்க்கு நாமறிந்த பழைய சிகிச்சைகளுள் அதுவும் ஒன்று.

1893-இல் ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும், ஜெர்மனியில் மேபாக்கும், எரிபொருளைச் சிறு துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினர். அத்துளையில் தூசி அடைந்தாலும், மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் தாழ்ந்தாலும் கலவை மெலியும். அதனைப் பட்டறைத் தொழிலாளர் கண்ணாலும் காதாலும் உணர்ந்தனர். பிளக்கின் பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் நலம். சாம்பல் வெண்மையாக வெளுத்திருந்தால் ஐயம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் எஞ்சின் கார்புரேட்டர் வழியே இருமுவதும் ஓர் அறிகுறியே. மெல்ல எரியும் மெலிந்த கலவையின் தீ அணையுமுன் வால்வு திறந்து, புதுக் கலவையும் பற்றிக்கொள்வதே அதன் காரணம். சோக்கைச் சற்று இழுத்தவுடன் எஞ்சின் தெளிந்து ஓடினால் ஐயம் உறுதியாகும்.

பின்னர் நகரக் காற்றின் தூய்மை பற்றிய கவலை புதிய கருவியைத் தோற்றுவித்தது. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக்கு, 14.7 என்னும் விகிதம் ஏறத்தாழ வழுவாதிருத்தல் வேண்டும். 1976-இல் போஷ் நிறுவனத்தின் ஆக்ஸிஜன் உணர்கருவி வால்வோ வண்டிகளில் இடம்பெற்றது. கலவை மெலிந்தால் அது ஏறத்தாழ 0.1 வோல்ட்டும், செறிந்தால் 0.9 வோல்ட்டும் காட்டும். நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. வினையூக்கியைக் கெடுக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் விடைபெற்றது.

இன்று பல வண்டிகளில் கணினி, விளக்கை எரித்துப் பி0171 என்னும் குறியீட்டைப் பதிவு செய்கிறது. கலவை மெலிந்தது என்பதே அதன் பொருள். உணர்கருவி கெட்டது என்பதன்று. இவ்வேறுபாட்டை மறந்து, நல்ல கருவியைக் கழற்றி எறிந்து பணத்தை இழப்பவர் பலர். புகைக்குழாயில் வெடிப்பிருந்து வெளிக்காற்று புகுந்தாலும், ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும், கருவி மெலிவையே காட்டும்.

காரணத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. சும்மா ஓடும்போது மெலிவு தோன்றி, வேகம் கூட்டியதும் மறைந்தால், உள்ளிழுக்கும் குழாயிலோ அதன் இணைப்பிலோ காற்றுக் கசிவை ஐயுறலாம். ஏனெனில் எஞ்சின் சிறிதளவே காற்றை உண்ணும் வேளையில்தான் கசியும் காற்று பெரும் பங்காகும். பளு ஏறும்போது மெலிவு மிகுந்தால், பெட்ரோல் பம்ப்பையும் வடிகட்டியையும் சோதித்தல் முறை.

இக்கலைக்கு இன்றும் வேலை குறையவில்லை. எத்தனால் தானே ஆக்ஸிஜன் கொண்டது. அதற்கு எடைக் கணக்கில் 9 பங்கு காற்றே போதும். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால், பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை முன்னினும் மெலியும். தானே திருத்திக்கொள்ள அதனிடம் கணினி இல்லை. அவ்வண்டியை வைத்திருப்போர் பிளக்கின் நிறத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. ஊசியிலிருந்து உணர்கருவி வரை வந்துவிட்டோம். ஆயினும் கருவி சொல்வது அறிகுறியையே. காரணத்தை நாமே தேடிக் காண வேண்டும்.