ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு

எங்கள் பெரியப்பா மதுரையில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் ஓட்டியவர். பதிலியாகச் சேர்ந்து, நிரந்தரமாகி, ஆலை மூடும் வரை அங்கேயே இருந்தார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து அந்தப் பக்கம் போனேன். ஆலைச் சுவர் இல்லை. உள்ளே அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன.

"இந்தா, இங்கிட்டுத்தான் டைம் ஆபீஸ். அங்கிட்டு கேன்டீன்" என்று காட்டிக்கொண்டே வந்தவர், விளம்பரப் பலகையைப் பார்த்து, "என்னடா வெல போட்டிருக்கான்?" என்றார். சொன்னேன். "எனக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்த காசுல இதுல கக்கூஸ்கூட வாங்க முடியாதேடா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆலை நிலம் எப்படி வீட்டு நிலமாகிறது? நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் கண்ணுக்கு அது ஒரு தரவுத்தளத்தில் ஒரே ஒரு கட்டத்தின் மதிப்பை மாற்றுகிற வேலை. நகரத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் தொழிற்சாலைப் பகுதிக்கு ஊதா, குடியிருப்புக்கு மஞ்சள் என்பது வழக்கம். ஊதாவை மஞ்சளாக்கினால் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும். ஆனால் அந்த ஊதா அங்கே எப்படி வந்தது என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. மறு வருஷமே பாதை தூத்துக்குடித் துறைமுகத்தைத் தொட்டது. தெற்கே திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் என்று கரிசலில் விளைந்த பருத்தி, வாங்கிக்கொள்ள நகரத்துக்குள்ளேயே நெசவாளர்கள், நடுவில் ரயில். ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் 1892இல் ஓடத் தொடங்கியது. ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தப் பகுதி அன்றைக்கு ஊரின் விளிம்பு. பிறகு கருமுத்து தியாகராசர் போன்றவர்களின் ஆலைகள் வந்தன. சங்கொலியை வைத்து நேரம் பார்த்த ஊர் அந்த விளிம்பைத் தாண்டி வளர்ந்தது. ஆலை நிலம் ஊரின் நடுவுக்கு வந்ததற்கு ஊர் வளர்ந்ததுதான் காரணம். ஊர் வளர்ந்ததில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பியவர்களுக்கும் பங்கு உண்டு.

திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் போனால் ஹார்விபட்டி வரும். மதுரா மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது அதுவும் நகரத்தோடு சேர்ந்தது. கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது தருமம் என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908இல் வ.உ.சி. வழிநடத்திய வேலைநிறுத்தம் நமக்குத் தெரியும். வீடு கொடுப்பது ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும்தான். இருந்தாலும், ஆலை இருக்கிற இடத்தில் ஆலைக்காரனுக்கு வீடும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு இருந்தது.

அந்த எண்ணம் சட்டத்திலும் ஏறியது. தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931இல் அறிக்கை தந்தது. 1933இல் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளர்களுக்கு வீடு கட்டுவதற்காகவும் ஒரு நிறுவனத்துக்கு அரசு நிலம் எடுத்துத் தரலாம் என்று அதில் சேர்ந்தது. வெள்ளைக்கார அரசின் சட்டத்தில், நிலத்தைக் கையகப்படுத்தத் தகுந்த காரணங்களில் ஒன்று, தொழிலாளியின் வீடு!

இப்போது ஆலை மூடும் காலத்துக்கு வருவோம். சென்னை பெரம்பூரில் பின்னி ஆலைகள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அவற்றை ஒட்டித்தான் பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச்சூடும் நடந்தது. 1996இல் ஆலை மூடியது. பல வருஷம் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் கோபுரங்கள்.

மும்பையில் வேறு மாதிரி யோசித்துப் பார்த்தார்கள். 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக முடங்கின. 1991இல் ஒரு விதி வந்தது: ஆலை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு மாநகராட்சியிடம், ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, மிச்சம் ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் நின்ற இடத்தைக் கழித்துவிட்டுக் காலி நிலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு என்றார்கள். ஆலை என்றாலே பெரும்பகுதி கட்டடம்தானே! பொதுப் பங்கு சுருங்கிவிட்டது. உயர்நீதிமன்றம் 2005இல் சொன்ன மாற்றுத் தீர்ப்பை 2006இல் உச்சநீதிமன்றம் ரத்துசெய்து, திருத்தத்தை உறுதிப்படுத்தியது. பழைய தொழிலாளர்களுக்கு வீடு ஒதுக்க 2012இல் குலுக்கல் நடந்தபோது விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இருந்த வீடுகள் ஏழாயிரத்துக்குள்.

தோற்றுப்போன விதிதான். ஆனால் அந்த விதி சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டது. ஊதா மஞ்சளாகும் அந்த ஒரு தருணத்தில் மட்டும்தான் நிலத்தின் உரிமையாளர் பொதுமக்களிடம் ஒன்று கேட்டு நிற்கிறார். பதிலுக்கு நாம் எதையாவது கேட்கலாம். கையெழுத்து விழுந்த பிறகு கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் அந்தக் கையெழுத்து 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் விழுகிறது. உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம், நாளிதழில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், நகர் ஊரமைப்புத் துறை, அரசிதழ் என்று கோப்பு நகரும். சாலை அகலம் என்ன, பக்கத்து நிலங்கள் என்ன, நீர்நிலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனையில், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். இங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே என்ற கேள்வி மட்டும் இல்லை.

ஆலை நிலத்தில் வீடு வருவதை நான் எதிர்க்கவில்லை. ஊருக்கு நடுவே துருப்பிடித்த தகரக் கொட்டகையை வைத்துக்கொண்டு, கண்மாய்ப் பாசன வயல்களை ஒவ்வொன்றாகப் பிளாட் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பேருந்து, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிற இடம். அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் வீடுகளாவது சிறிதாக, குறைந்த வாடகைக்கு இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். 1933இல் சட்டத்துக்குள் வர முடிந்த தொழிலாளியின் வீடு, இன்றைக்கு மனை அனுமதியின் ஒரு நிபந்தனையாகக்கூட வர முடியாதா?

பெரியப்பா தினசரியை டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிக்கிறவர். வீடு திரும்பியதும், "பேப்பர்ல நிலப் பயன்பாட்டு மாற்றம்னு அறிவிப்பு போட்டிருப்பாங்களே, நீங்க பாக்கலையா பெரியப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த மாதிரி நெறைய வரும்டா. சர்வே நம்பர் போட்டிருப்பான். மில்லுன்னா போடுறான், நமக்குத் தெரியுறதுக்கு?"