காசநோய்: சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்த வைத்தியம்

சென்னை மின்சார ரயிலில் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். பலருக்கு அது வெறும் பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு நோயின் வரலாறே இருக்கிறது.

மருந்து இல்லாத காலம்

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலக காசநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க இன்னும் அறுபது வருடங்கள் ஆயின! அதுவரை நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு - இவைதான் வைத்தியம். இவை கிடைக்கும் இடம் சானடோரியம்.

இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் அப்படி ஒரு சானடோரியம் நடத்தியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. கணித மேதை ராமானுஜன் காசநோய் என்று கருதப்பட்டு 1917ல் அவரிடம் சிகிச்சை பெற்றார். அதே சௌரிமுத்து 1928ல் தாம்பரத்தில் தொடங்கியதுதான் நம்ம ஊர் சானடோரியம். 1937ல் அது அரசு வசமானது.

மருந்து வந்தது, படுக்கை இல்லை

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும், 1952ல் ஐசோனியசிட்டும் வந்தன. இனி கவலை இல்லை என்று நினைக்கலாம். ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். எல்லோரையும் சானடோரியத்தில் சேர்ப்பது நடக்கிற காரியமா? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி 1956ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை தாங்கினார்.

நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டில். இரு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைவான சாப்பாடு, சின்ன அறை. பலர் வேலைக்கும் போனார்கள்.

முடிவு? சானடோரியத்தில் 92 சதவீதம் பேரிடமும், வீட்டில் 86 சதவீதம் பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. சரியான மருந்தைத் தொடங்கிவிட்டால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்து அதிகம் இருப்பது நோய் கண்டுபிடிக்கப்படாத நாட்களில்தான்.

1959ல் வெளியான இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. இந்தியாவில் 1962ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே நம்பியது. இன்று கீழ்பென்னாத்தூர் மாதிரி ஒரு ஊரில் இருப்பவர் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை வாங்கி வீட்டிலேயே குணமாக முடிகிறது என்றால், அதற்கு அந்த 193 பேரும் ஒரு காரணம்.

யாருக்கு ஆபத்து?

உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. யார் அவர்கள்? போதிய சாப்பாடு இல்லாதவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிகம் குடிப்பவர்கள், புகைப்பவர்கள். 2023ல் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் நோயுற்றார்கள். 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் 26 சதவீதம் பேர் இந்தியாவில்.

இங்கேதான் சென்னை ஆய்வைப் பலர் பாதியாகப் புரிந்துகொண்டார்கள். மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று நினைத்துவிட்டார்கள். நோய் வந்தபின் குணமாக்குவது வேறு, வராமல் தடுப்பது வேறு அல்லவா? 2019ல் ஜார்க்கண்டில் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023ல் முடிவு வெளியானது. இந்த ஆய்விலும் சேத்துப்பட்டு மையத்துக்குப் பங்கு உண்டு. அதன் இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆக, மாத்திரை நோயாளியைக் காப்பாற்றுகிறது, சோறு அவர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. இரண்டையும் கெடுப்பது ஒன்று உண்டு, அதுதான் வெட்கம். கல்யாணம் நின்றுவிடும், வேலை போய்விடும் என்று இருமலை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறைக்கும் அந்த நாட்களில்தான் நோய் வீட்டிலுள்ளவர்களுக்குப் பரவுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்வது அவமானம் இல்லை. சொந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி அது.