பல்லூடக நிரல்களில் கோப்புப் பாதை

கோப்புப் பாதை என்பது கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தை வட்டு, கோப்புறை, பெயர் என்ற வரிசையில் சொல்லும் முகவரி. பல்லூடக நிரல் ஒன்று தனக்கு வெளியே உள்ள ஆவணத்தைத் திறக்க வேண்டுமானால் அந்த நிரல், இயங்குதளம், ஆவணத்தைக் காட்டும் செயலி ஆகிய மூன்றும் இம்முகவரியை ஒரே மாதிரி படித்தாக வேண்டும். குறுவட்டுகளில் பாடங்களும் களஞ்சியங்களும் வந்த காலத்தில் 'கோப்பைக் காணவில்லை' என்ற செய்தி தோன்றினால், கோப்பு பெரும்பாலும் வட்டிலேயேதான் இருக்கும். எழுதப்பட்ட முகவரிதான் தயாரிப்பாளரின் மேசைக் கணினிக்கு உரியதாக இருக்கும்.

அடுக்கடுக்கான கோப்புறைகள் 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்தில் உருவானவை. அடுக்குகளைப் பிரிக்க அது '>' குறியைப் பயன்படுத்தியது. பின்வந்த யூனிக்ஸ் '/' என்ற சாய்கோட்டுக்கு மாறியது. 1981இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை, ஏ, பி என்ற வட்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. 1983இன் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக் குறியாகப் புழங்கிவந்ததால், '\' என்ற பின்சாய்கோடு பிரிகுறியானது. மெக்கின்டாஷ் 1985இல் எச்எஃப்எஸ் கோப்பு முறையோடு ':' குறியை ஏற்றது.

இந்த வேறுபாடுகள் எல்லாம் மேக்ரோமீடியா டைரக்டர் என்ற பல்லூடக உருவாக்கச் செயலியில் வந்து மோதின. ஒரே குறுவட்டு மெக்கின்டாஷிலும் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பது அதைக் கொண்டு உருவாக்கியவர்களின் தேவை. தயாரிப்பாளரின் கணினியில் குறுவட்டு இயக்கி டி என்றால், வாங்கியவர் வீட்டில் அது ஈ அல்லது எஃப் ஆக இருக்கலாம். வட்டு எழுத்தோடு எழுதிய முழுப்பாதை அங்கே பயன்படாது. டைரக்டரின் லிங்கோ மொழி இதற்கு இரண்டு வழி வைத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டைரக்டர் கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்று கேட்டறிந்து, அந்த விடையோடு ஆவணத்தின் பெயரைச் சேர்ப்பது ஒன்று. பாதையின் தொடக்கத்தில் '@' இடுவது மற்றொன்று. அப்படி எழுதிய பாதையில் '/', '\', ':' என்ற மூன்று பிரிகுறிகளில் எது இருந்தாலும் லிங்கோ புரிந்துகொள்ளும். இத்துறையில் நிகழ்ந்த திருத்தங்களில் மிகத் தெளிவான சிந்தனை இந்த '@' என்றே சொல்லலாம்.

குறுவட்டு தன் பங்குக்கும் தடை போட்டது. 1988இன் ஐஎஸ்ஓ 9660 தரத்தின் முதல் நிலையில் கோப்புப்பெயர் எட்டு எழுத்துகளுக்கும் பின்னொட்டு மூன்று எழுத்துகளுக்கும் மேல் போகக்கூடாது; பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு மட்டுமே செல்லும். 1995இல் மைக்ரோசாஃப்ட் வகுத்த ஜோலியட் நீட்சி 64 எழுத்துகள் வரை இடம் தந்தது.

முகவரி சரியாக இருந்தும் ஆவணம் திறக்காமல் போவதுண்டு. விண்டோஸில் பி.டி.எஃப் படிக்கும் செயலியின் இடத்தைச் சிலர் நிரலில் நேரடியாக எழுதிவைத்தனர். அடுத்த பதிப்பு வேறு பெயருள்ள கோப்புறையில் நிறுவப்பட்டதும் அந்த வரி செத்துவிடும். பின்னொட்டைப் பார்த்து உரிய செயலியைத் தேடும் பொறுப்பை விண்டோஸிடமே விடுவதுதான் சரியான வழி. 'படி ஏபிஐ' (Buddy API) போன்ற துணைநிரல்கள் டைரக்டருக்கு அதைச் செய்துகொடுத்தன. பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடைவெளியோடு பெயர் முடிந்ததாகக் கட்டளை எண்ணிக்கொள்ளும். இன்னொரு கோளாறு எளிதில் பிடிபடாது: பயனர் 'திற' சாளரத்தில் வேறொரு கோப்புறைக்குப் போய்வந்தால் விண்டோஸ் நடப்புக் கோப்புறையையே மாற்றிவிடலாம். நடப்புக் கோப்புறையை வைத்து எழுதிய, அதுவரை சரியாக ஓடிய சார்புப் பாதைகள் அதன்பின் தவறான இடத்தில் தேடும்.

பல்லூடக நிரல்களை உருவாக்கிய மற்றொரு செயலியான ஃப்ளாஷ், பாதுகாப்புக்காகக் கட்டுப்பாட்டை இறுக்கியது. எம்எக்ஸ் பதிப்பிலிருந்து, தனித்து ஓடும் ஃப்ளாஷ் கோப்பு வெளி நிரலை இயக்க வேண்டுமானால் அந்நிரல் 'எஃப்எஸ்கமாண்ட்' என்ற பெயருள்ள கோப்புறைக்குள் இருக்க வேண்டும். ஆவணத்தைத் திறக்க ஒரு சிறு தொகுப்புக் கட்டளைக் கோப்பை அங்கே வைத்து, அதன் வழியாகப் போவது வழக்கமாயிற்று.

தமிழ்ப் பெயர்கள் பட்ட பாடு தனி. விண்டோஸின் பழைய எட்டு-பிட் குறிமுறைகளில் தமிழுக்கு இடமே தரப்படவில்லை. ஒருங்குறி வழியாக மட்டுமே தமிழ் சேர்ந்தது. ஆகவே ஒருங்குறி அறியாத நிரலில் 'அம்மா' என்ற கோப்புப்பெயர் ஐந்து கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியை விண்டோஸ் கோப்புப்பெயரில் ஏற்பதில்லை என்பதால் பாதை அங்கேயே அறுந்துவிடும். டைரக்டர் ஒருங்குறியை ஏற்றது 2008இன் 11ஆம் பதிப்பில்தான். மெக்கின்டாஷின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையோ 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கொடி' என்ற இரு பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாகிவிட இதுவே போதும்.

டைரக்டரின் விற்பனை 2017இலும் ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020இன் கடைசி நாளிலும் முடிந்தன. அவற்றில் உருவான வட்டுகளை நிலைவட்டில் நகலெடுத்துக் காப்பவர்களுக்கு, நிரலுக்குள் புதைந்துகிடக்கும் 'டி:\' போன்ற பாதைகள் இன்றும் முட்டுக்கட்டைதான். நிரலைத் திருத்த முடியாத இடத்தில், டாஸ் காலத்திலிருந்து வரும் 'சப்ஸ்ட்' கட்டளை உதவுகிறது: நகல் இருக்கும் கோப்புறைக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்தால், பழைய நிரல் தேடும் இடத்திலேயே ஆவணம் அதற்குக் கிடைக்கிறது.