காய்ச்சல் போனபின்

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி, பல ஊர் மருத்துவமனைகளில் புண்களைக் கட்டப் பயன்படுகிறது. மருத்துவத்துக்கு மக்கள் அளிக்கும் வேறொரு கொடையும் உண்டு. அது தறியில் நெய்யப்படுவதன்று. நோயுற்றவர் மனமுவந்து ஆராய்ச்சிக்குத் தரும் குருதியும், தம் துன்பத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லுமே அது. அக்கொடையின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1952-53ஆம் ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா நாட்டில் ஒரு காய்ச்சல் பரவிற்று. மூட்டுவலியால் நோயாளர் நிமிர மாட்டாது குனிந்து நடந்தனர். எனவே அப்பகுதி மக்கோண்டே மக்களின் மொழியிலிருந்து, வளைந்து போதலைக் குறிக்கும் 'சிக்குன்குனியா' என்ற சொல் நோயின் பெயராயிற்று. கொசு பரப்பும் அந்நோய் 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் வேலூரிலும் தோன்றியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நோயாளரின் குருதியைச் சோதித்தபோது, ஒரே காலத்தில் டெங்குவும் உடன் பரவியிருந்தது புலனாயிற்று. காய்ச்சலை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

1973க்குப் பின் முப்பதாண்டுக்கு மேல் அடங்கியிருந்த நோய் மீண்டும் எழுந்தது. 2006இல் மட்டும் இந்தியாவில் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானதாகக் கருதப்பட்டது. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தார், பழைய கொள்ளைநோய்க் காலங்களில் பெற்றுக் காத்துவைத்திருந்த வைரசைப் புதியதனோடு ஒப்பிட்டனர். பழையது ஆசிய வகை; புதியது ஆப்பிரிக்க வகை. முன்னொரு தலைமுறை அளித்த கொடை நாற்பதாண்டுக்குப் பின்னும் பயன் தந்தது.

ஆயினும், குருதி சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. காய்ச்சல் சில நாளில் தணிகிறது. சிலருக்கு வலியும் களைப்பும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. இராசபாளையத்து நூற்பாலையில் நாள் முழுதும் நின்று உழைப்பவரையோ, திருவில்லிபுத்தூரில் தறியில் அமர்பவரையோ அக்களைப்பு பற்றினால், கூலி குறையும். 'சோம்பல்' என்ற பழியும் சேரும். களைப்பை அளக்கும் கருவி இல்லை. நோயாளி சொன்னாலன்றி அதை எவர் அறிவார்?

கேளாமல் தீர்ப்புக் கூறியதும் வரலாற்றில் உண்டு. 1955இல் இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 பேர் ஒரு விளங்காத நோயால் வீழ்ந்தனர். பெரும்பாலோர் அங்கே பணிபுரிந்தவர்களே. 1970இல் மனநல மருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் படித்து, அது கூட்டு மனப்பிறழ்ச்சி என்று எழுதினர்; நோயுற்றவரை நேரில் ஆராயவில்லை. இத்தகைய நீடித்த களைப்பு நோயை, உடல் முழுதும் தாக்கும் கடுமையான நோய் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு அறிவித்தது 2015இல்தான். 9,000க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்த அக்குழு, நோயாளரின் வாய்மொழியையும் கேட்டது. 2020க்குப் பின், கொரோனா கண்டு தேறியோர் பலரும் அதே களைப்பைக் கூறினர்.

சென்னையில் சிக்குன்குனியா பரவிய அதே 1964இல், உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் ஆராய்ச்சி நெறிகளை வகுத்தது. ஆராய்ச்சியின் நோக்கத்தையும் தீங்கையும் நோயாளிக்கு விளக்க வேண்டும், அவர் தாமே இசைய வேண்டும், வேண்டாமென்றால் விலகலாம். விலகினால் அவர் பெறும் சிகிச்சை குறைதலாகாது என்பதும் பின்னர் வலியுறுத்தப்பட்டது. நம் நாட்டில் 2009 முதல், மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன் பொதுப்பதிவேட்டில் பதிவது கட்டாயமாயிற்று.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம்; சிலர் நோயாளியாக அவர்முன் அமரலாம். மருத்துவராவோர், எதிரே அமர்ந்தவர் 'இன்னும் தெம்பில்லை' என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியாக அமர்வோர், 'எதற்காக? எவ்வளவு காலம்? என்ன தீங்கு?' என்று கேட்டுத் தெளிந்தபின் கொடுங்கள். கேட்டறிந்து கொடுப்பதே கொடை. அறியாதவரிடம் பெறுவது பறிப்பாகும்.