ஸ்கேல் ஜீரோவில் தொடங்காவிட்டால்? பெங்களூரு ஃபேக்டரி வேலைகளும் அடிப்படைக் கணக்கும்

ஒரு பொருளை ஸ்கேலின் மேல் வைத்து, "இதன் நீளம் என்ன?" என்று கேட்கிறார்கள். பொருளின் ஒரு முனை சரியாக ஜீரோவில் இருக்கும்போது, இந்திய கிராமங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களில் கிட்டத்தட்ட 85% பேர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே பொருளை ஜீரோவிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால்? சரியாகச் சொல்பவர்கள் 39% மட்டுமே.

பிரதம் அமைப்பு நடத்திய 'ஏசர் 2023: பியாண்ட் பேசிக்ஸ்' ஆய்வில் வந்த எண்கள் இவை. 26 மாநிலங்களில் 28 ஊரக மாவட்டங்கள், மொத்தம் 34,745 இளைஞர்கள். கர்நாடகத்தில் மைசூரு, தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டங்கள் இதில் இடம்பெற்றன. ஆய்வு வெளியானபோது வகுத்தல் கணக்குதான் தலைப்புச் செய்தியானது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3% பேர்தான். ஆனால், "ஃபேக்டரி வேலைக்கு வர்றவங்களுக்கு அடிப்படைக் கணக்கே தெரியலை" என்ற புகாரைப் புரிந்துகொள்ள, வகுத்தலைவிட அந்த ஸ்கேல் கேள்விதான் அதிகம் உதவும்.

எந்தக் கணக்கு தேவைப்படுகிறது?

பெங்களூரு என்றால் ஐ.டி. என்பது பாதிக் கதைதான். எச்.ஏ.எல். 1940-இல் இங்கே தொடங்கியது, எச்.எம்.டி. 1953-இல், பி.இ.எல். 1954-இல். பீன்யா தொழிற்பேட்டையில் இன்றைக்கும் லேத், மில்லிங், சி.என்.சி. எந்திரங்கள் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு யூனிட்கள் இருக்கின்றன. பொம்மசந்திரா, ஜிகனி, பிடதி, எல்லை தாண்டினால் ஓசூர் என்று அந்தப் பட்டியல் நீளும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் தமிழ் இளைஞர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் பழக்கமானவை.

இந்த யூனிட்களில் தேவைப்படும் கணக்கு உயர்நிலைப் பள்ளிக் கணக்குகூட இல்லை. ஒரு ஷாஃப்ட் செய்யும் வேலையை எடுத்துக்கொள்வோம். டிராயிங்கில் விட்டம் 25 மி.மீ., டாலரன்ஸ் ±0.05 என்று போட்டிருக்கிறது. அதாவது 24.95 முதல் 25.05 வரை இருந்தால் பீஸ் ஓகே.

இப்போது வெர்னியர் காலிப்பரை வைத்து அளக்க வேண்டும். மெயின் ஸ்கேல் 24-ஐத் தாண்டி நிற்கிறது. வெர்னியரில் 47-வது கோடு மேலே உள்ள கோட்டோடு நேராகச் சேர்கிறது. கருவியின் லீஸ்ட் கவுன்ட் 0.02 மி.மீ. என்றால், 47 × 0.02 = 0.94. ஆக, அளவு 24.94. எல்லையைவிட 0.01 குறைவு. அந்தப் பீஸ் ஸ்கிராப்புக்குப் போகும். ஷாஃப்டில் குறைந்த அளவை மறுபடி கூட்ட முடியாது. இதுவே 25.08 என்று வந்திருந்தால் எந்திரத்தில் மாட்டி இன்னும் கொஞ்சம் கடைந்து சரிசெய்துவிடலாம். துளை என்றால் இது அப்படியே தலைகீழ்: சிறிதாக இருந்தால் பெரிதாக்கலாம், பெரிதாகிவிட்டால் போச்சு.

இதில் என்னென்ன கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். தசமப் பெருக்கல், தசமக் கூட்டல், 24.94-க்கும் 24.95-க்கும் எது பெரியது என்ற ஒப்பீடு. அவ்வளவுதான். எல்லாம் நடுநிலைப் பள்ளிப் பாடம். ஆனால் 0.5 பெரிதா, 0.45 பெரிதா என்று கேட்டால், '45 பெரிய எண்' என்று நினைத்து 0.45-ஐச் சொல்வது உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் காணப்படும் தவறு. பள்ளியில் அதற்கு ஒரு மார்க் போகும். இங்கே ஒரு லாட் முழுக்கத் திரும்பி வரும்.

ஸ்கேல் கேள்விக்கு வருவோம். ஜீரோவில் தொடங்கும்போது, முடிகிற இடத்தில் உள்ள எண்ணைப் படித்தாலே விடை கிடைத்துவிடும். அளக்கவே தேவையில்லை. தள்ளி வைத்தால்தான் நீளம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் என்பது புரிந்திருக்க வேண்டும். 85-க்கும் 39-க்கும் நடுவில் இருக்கும் 46 புள்ளிகள், எண்ணைப் படிக்கத் தெரிந்து அளக்கத் தெரியாதவர்கள். வெர்னியர் கையில் கொடுத்தால் முதலில் திணறுவது இவர்களாகத்தான் இருக்கும்.

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஏசர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களைச் சோதிக்கவில்லை. கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த ஆய்வு அது. பெங்களூரு நகரம் அதில் வராது. ஆனால், பெங்களூரைச் சுற்றியுள்ள ஃபேக்டரிகளுக்கு வேலைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் இதே வயது, இதே மாதிரியான ஊர்களைச் சேர்ந்தவர்கள். அதனால் ஒரு கணிப்புக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. படித்துவிட்டு வரும் இளைஞர்களில் 51.25% பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையில் இடம்பெற்ற எண் அது. 'இந்தியா ஸ்கில்ஸ் ரிப்போர்ட்' சொல்லும் இந்தக் கணக்கு, குறிப்பிட்ட ஒரு தேர்வை எழுதியவர்களின் முடிவுகளிலிருந்து வருகிறது. வீடு வீடாகப் போய் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு கிடையாது. அதை வைத்து நாட்டில் பாதிப் பேர் எதற்கும் லாயக்கில்லை என்று பேசுவது ரொம்ப ஓவர்.

சான்றிதழை வைத்துத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கலாம். கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி விகிதம் 2023-இல் 83.89%. 2024-இல் தேர்வு அறைகளை வெப்காஸ்டிங் மூலம் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். கருணை மதிப்பெண்ணை 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்திய பிறகும் தேர்ச்சி 73.40% ஆகக் குறைந்தது. ஒரே வருடத்தில் பிள்ளைகளின் கணக்கு அறிவு மாறியிருக்காது. தேர்வு நடந்த விதம் மாறியது. ஃபிட்டர், டர்னர் போன்ற ஐ.டி.ஐ. படிப்புகளில் சேர பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அங்கே 'வொர்க்‌ஷாப் கால்குலேஷன்' என்று தனிப்பாடமே இருக்கிறது: விகிதம், சதவீதம், பரப்பளவு, கொஞ்சம் முக்கோணவியல். ஆனால் அந்தப் பாடம், சேருபவருக்குப் பின்னமும் தசமமும் ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது.

தெருக் கணக்கு வேறு, தாள் கணக்கு வேறு

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்தியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் காய்கறி விற்கும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைச் சோதித்தார்கள். 800 கிராம் உருளைக்கிழங்கு, 1.4 கிலோ வெங்காயம் என்று கேட்டு 200 ரூபாய் நோட்டை நீட்டினால், மனக்கணக்காகவே விலை போட்டு மீதியைச் சரியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதே கணக்கைப் பள்ளிப் புத்தகத்தில் உள்ளதுபோல் தாளில் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மாறாக நடந்தது: தாளில் வரும், கடைக் கணக்கு வராது.

இது வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். கேட்டில் வைத்துக் கொடுக்கும் 20 கேள்வித் தாள் எதைச் சோதிக்கிறது? பள்ளிக் கணக்கையா, வேலைக் கணக்கையா? தாளில் தோற்றவர் கையில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்து, இரண்டு நாள் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளக்கூடும். தாளில் முழு மார்க் வாங்கியவர் கருவியைப் பார்த்து விழிக்கவும் கூடும்.

கணக்கு தெரியாமல் ஃபேக்டரி எப்படி ஓடுகிறது?

நன்றாகவே ஓடுகிறது. காரணம், பல இடங்களில் கணக்கை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உதாரணம், 'கோ - நோ கோ' கேஜ். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் நடந்தால் பீஸ் ஓகே. எந்த எண்ணையும் படிக்க வேண்டாம். அசெம்பிளி லைனில் ஸ்க்ரூடிரைவரின் டார்க்கை முன்கூட்டியே செட் பண்ணி வைத்துவிடுவார்கள். சி.என்.சி. எந்திரத்தில் புரோகிராம் ஏற்கெனவே இருக்கும். பீஸை மாட்டு, பட்டனை அமுக்கு, எடு. கோலார் பக்கம் நரசாபுரத்திலும், தேவனஹள்ளியிலும் ஐபோன் தயாரிப்புக்காக ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க முடிவதற்கு, வேலையை இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்திருப்பதும் ஒரு காரணம்.

அப்படியானால் என்ன பிரச்னை என்று கேட்டால், பிரச்னை வேலையில் சேரும்போது வருவதில்லை. மூன்று வருடம் கழித்து வருகிறது.

ஆபரேட்டராகச் சேர்ந்தவர் அடுத்து செட்டர் ஆக வேண்டும், இல்லையென்றால் குவாலிட்டிக்குப் போக வேண்டும். செட்டருக்குக் கணக்கு இல்லாமல் முடியாது. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர், பீஸின் விட்டம் 25 மி.மீ. என்றால், ஸ்பிண்டில் வேகம் 30,000 ÷ (3.14 × 25), அதாவது சுமார் 382 ஆர்.பி.எம். விட்டம் 50 ஆனால் வேகம் பாதியாக வேண்டும். இந்தத் தலைகீழ் விகிதம் பிடிபடாதவர் டூலை உடைப்பார், இல்லாவிட்டால் பயந்துகொண்டு எந்திரத்தை மெதுவாகவே ஓட்டுவார். டூல் தேயத் தேய ஆஃப்செட்டில் 0.02, 0.03 என்று திருத்த வேண்டும். பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று குழம்பினால் எந்திரமே மோதும். இதெல்லாம் வராதவர் பத்து வருடமானாலும் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு அடுத்த சம்பளப் படி இல்லை, பக்கத்துக் கம்பெனியில் பேரம் பேசும் பலமும் இல்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியது யார்?

இந்த விவாதம் நமக்கு மட்டுமானது இல்லை. 2010-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பென் வெனியூ லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம் 3,600 விண்ணப்பங்களைப் பார்த்து 47 பேரைத்தான் எடுக்க முடிந்தது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஒன்பதாம் வகுப்புத் தரத்தில் வாசிப்பும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. சம்பளம் மணிக்கு 13 முதல் 15 டாலர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளிப் பேராசிரியர் பீட்டர் கப்பெல்லி 2012-இல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதிரிப் புகார்களைத் திருப்பிக் கேட்டார்: பயிற்சியை நிறுத்திவிட்டு, தயாரான ஆள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வது திறன் பற்றாக்குறையா?

பெங்களூருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். இந்த ஊர் ஆள் தயாரித்த ஊர். டென்மார்க் உதவியுடன் 1972-இல் தொடங்கிய ஜி.டி.டி.சி. இங்கேதான் இருக்கிறது. 1959-இல் கேரளத்தின் தலச்சேரியில் தொடங்கிய என்.டி.டி.எஃப். நிறுவனத்தின் தலைமையகம் பீன்யாவில். பிடதியில் டொயோட்டா 2007 முதல் பத்தாம் வகுப்பு முடித்த கர்நாடக கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வருடப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. கர்நாடக அரசு 150 ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் உடன் சேர்ந்து சுமார் 4,636 கோடி ரூபாயில் நவீனப்படுத்தியிருக்கிறது. ரோபோ வந்துவிட்டது, நல்ல விஷயம். தசமம் தடுமாறும் மாணவருக்கு முதல் மாதத்தில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எந்திரப் பட்டியலில் வராது.

தேசிய அளவில் பார்த்தால், 15 முதல் 29 வயதில் முறையான தொழில் பயிற்சி பெற்றவர்கள் 4.4% பேர்தான் (பி.எல்.எஃப்.எஸ். 2022-23). இன்னொரு பக்கம், 2023-24 தொழில் துறை ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பதிவுபெற்ற ஃபேக்டரிகளின் தொழிலாளர்களில் சுமார் 42% பேர் கான்ட்ராக்ட்டில் இருக்கிறார்கள். பதினொன்றாவது மாதத்தில் மாறிவிடக்கூடிய ஒருவருக்கு வெர்னியர் சொல்லிக்கொடுக்க எந்த நிறுவனம் செலவு செய்யும்? பத்துப் பேர் வேலை பார்க்கும் யூனிட் முதலாளியின் கவலையும் நியாயமானதுதான்: கற்றுக்கொடுத்த ஆளைப் பக்கத்து ஷெட் கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்ளும். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5% முதல் 15% வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். சேரப் போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அப்ரண்டிஸ் என்ற பெயரில் அங்கே லைனில் நிற்க வைக்கிறார்களா, அளக்கவும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பது.

நேர்காணலுக்கு முன் எதைப் பார்த்துக்கொள்ளலாம்?

பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். மேலே உள்ள ஷாஃப்ட் கணக்கைப் புரிந்து போட்டுவிட்டீர்கள் என்றால் பாதி முடிந்தது. மீதியும் இதே ரகம்தான். 5% கூலன்ட் 20 லிட்டர் கலக்க வேண்டும்: ஆயில் 1 லிட்டர், தண்ணீர் 19 லிட்டர் (தண்ணீர் 20 என்று எழுதுபவர்கள் நிறைய). 480 பீஸில் 12 ரிஜெக்ட்: 2.5%. பிரேக் போக 450 நிமிட ஷிஃப்டில் 540 பீஸ் எடுக்க வேண்டும்: ஒரு பீஸுக்கு 50 விநாடி.

கடைசியாக, வீட்டில் இருக்கும் ஒரு ஸ்கேலை எடுத்து, ஒரு சாவியை 3-லிருந்து தொடங்கும்படி வைத்துப் பாருங்கள். மறுமுனை 8.4-இல் நின்றால் சாவியின் நீளம் 5.4 செ.மீ.