மூன்று கையெழுத்து, ஒரு கை

1882 ஜூன் மாதம் லண்டனில் நான்கே பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பு வெளியானது. வெளியிட்டது தந்திப் பொறியாளர்கள் சங்கம். வீடுகளுக்குள் மின்விளக்கு நுழைய ஆரம்பித்திருந்த காலம். இன்று பிரிட்டனில் புழங்கும் வயரிங் விதிகளுக்கு முதல் பதிப்பு அதுதான். அதன் தலைப்பிலேயே நோக்கம் தெரியும்: மின்விளக்கால் வரும் தீ விபத்துகளைத் தடுப்பது. விதிகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் டைனமோ, பிறகு கம்பிகள், பிறகு விளக்குகள். மனிதருக்கு நேரும் ஆபத்து கடைசியில்தான் வருகிறது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்போது அதிகம் பயந்தவர்கள் கட்டட முதலாளிகளும் காப்பீட்டு நிறுவனங்களும்தான். எரிந்துபோன கட்டடத்துக்குக் காப்பீட்டுக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். ஆனால் அந்த நான்கு பக்கத்திலும் ஒரு கூர்மையான கவனிப்பு இருந்தது. புதிய மின் ஏற்பாடுகளில் வரும் ஆபத்துக்கு முக்கியக் காரணம், அவற்றைப் பொருத்துகிறவர்களின் அறியாமையும் அனுபவமின்மையும் என்று அது சொன்னது. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மாட்டுகிற கையும் சரியாக இருக்கணும். இன்றைய உரிமம், தகுதிச் சான்றிதழ், பெர்மிட் எல்லாவற்றுக்கும் விதை இந்த எண்ணம்தான்.

தீக்கான பாதுகாப்பும் உயிருக்கான பாதுகாப்பும் ஒன்றில்லை. இதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஈரக் கையோடு ஒருவர் ஃபேஸ் கம்பியைத் தொடுகிறார். உடலின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்பியர் பாயும். உயிர் போக அது தாராளம். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பேசாமல் இருக்கும். ஏனென்றால் ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, கம்பி சூடேறி வீடு எரிந்துவிடாமல். மனிதரைக் காப்பாற்ற எர்த் சரியாக இருக்கணும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கணும். எர்த் கம்பி போட்டிருக்கா, இல்லை சும்மா மூன்று ஓட்டை சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார்களா என்பது சுவர் பூசிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் யார் செய்தார்கள் என்ற கேள்வி சட்டத்துக்கு முக்கியமாகிறது.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு விரிவான பதில் 1956-இல் வந்தது. 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி அது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை மாற்றலாம், அந்த மாற்றம் இணைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத வரைக்கும். அதைத் தாண்டினால் மூன்று தாள் வேண்டும். ஒப்பந்ததாரருக்கு அரசு உரிமம், மேற்பார்வையாளருக்குத் தகுதிச் சான்றிதழ், வேலை செய்கிறவருக்குப் பெர்மிட். 47-ஆம் விதி இன்னொரு கண்ணையும் வைத்தது: இணைப்புக் கொடுக்கும் முன் மின்சாரம் வழங்குபவர் சோதித்துப் பார்க்க வேண்டும். 2003-இல் புதுச் சட்டம் வந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29-ஆவதாக இதே ஏற்பாடு தொடர்ந்தது. அந்த ஒழுங்குமுறைகள் 2023-இல் புதிதாக எழுதப்பட்டன.

தாளில் பார்த்தால் அருமையான வடிவமைப்பு. ஒருத்தர் தவறவிட்டதை அடுத்தவர் பிடித்துவிடுவார். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழக்கமானதுதான். நாம் எழுதும் கோடை இன்னொருவர் படித்து அப்ரூவ் செய்த பிறகுதான் மேலே போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் படிக்காமலே அப்ரூவ் பண்ணுகிறவர்களையும் நமக்குத் தெரியும். வயரிங்கிலும் அதேதான். கையெழுத்துப் போடும் உரிமம் ஒருவரிடமும் சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் கை இன்னொருவரிடமும் இருக்கும்போது, நடுவில் ஒரு சந்தை உருவாகிவிடுகிறது. புது வீட்டுக்குக் கரண்ட் கேட்கும்போது வயரிங் முடிந்ததற்கான அறிக்கையை இணைக்க வேண்டும். அதில் கையெழுத்திட்டவர் அந்த வீட்டைப் பார்த்தாரா என்று வீடு கட்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

இதில் எனக்கு உறுத்துவது அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் நிலைமை. தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. படிப்பில் பாதியில் நின்றவர்களும் தாள் வாங்குவதற்கான வழி அது. எழுதுவதற்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டு வயரிங் அனுபவம் வேண்டும். தொழிலைக் கையால் கற்றவரை மதிக்கிற விதி இது, நல்ல விதி. ஆனால் அந்த 5 ஆண்டும் அவர் யார் மேற்பார்வையில் வேலை பார்த்தார்? உரிமம் உள்ளவரின் கீழ் முறையாகப் பெயர் பதிந்து என்றால் பிரச்சினை இல்லை. 'அண்ணனோட போய்க் கத்துக்கிட்டேன்' என்றால், அந்த 5 ஆண்டில் ஷாக் அடித்து ஏதாவது ஆகியிருந்தால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே சாட்சி கிடையாது.

வீட்டுக்காரர் பக்கமும் இப்படி ஒரு ஓட்டை இருந்தது. 1956 விதிகளில் பிற்பாடு 61ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியை அது கட்டாயமாக்கியது. ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்வழுத்த இணைப்புகளுக்கு விலக்கு. அதாவது ஏசி ஓடும் பெரிய வீட்டுக்குக் கட்டாயம். ஓட்டு வீட்டில் நனைந்த சுவரோரம் ஒற்றை சுவிட்ச் வைத்திருப்பவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டிலும் உடலின் மின்தடை ஏறக்குறைய ஒன்றுதான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீபத்திய ஆண்டுக் கணக்குகளில், மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். வயலில் அறுந்து கிடக்கும் கம்பியும் அதில் சேர்த்தி, எல்லாம் வீட்டு வயரிங் இல்லை. ஆனாலும் சின்ன எண் இல்லை அது.

உரிமமே வேண்டாம், தெரிந்தவர் செய்துகொள்ளட்டும் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1882-இல் சொன்னது இன்றும் உண்மைதான், கைக்குப் பயிற்சி வேண்டும். நான் கேட்பது வேறு. அறிக்கையில் ஒப்பந்ததாரரின் பெயரோடு கம்பி இழுத்தவரின் பெயரும் இருக்கட்டும். வேலைக்கு வரும் பையனின் பெயர் முதல் நாளே பதிவேட்டில் ஏறட்டும், அவனுடைய 5 ஆண்டுக் கணக்கு அன்றிலிருந்து ஓடட்டும். எத்தனை கிலோவாட் வீடாக இருந்தாலும் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். அந்த நான்கு பக்கத் தாளில் கடைசியாக வந்த மனிதர் வரிசையில் முன்னால் வர இவ்வளவு செய்தாலே போதும்.