தெர்மாகோல் அணையும் கொரம்பும்

போன கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் பேத்தி, துணிப்பையோடு ஒரு அட்டைப் பெட்டியையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளியில் செய்யச் சொன்ன அணை மாதிரியாம். தெர்மாகோலை வெட்டி, சாம்பல் வண்ணம் பூசி, தண்ணீருக்குப் பதிலாக நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இதுல தண்ணி ஊத்தினா நிக்குமா பாப்பா?" என்றேன்.

"ஐயோ, ஊத்தக் கூடாது தாத்தா. கெட்டுப் போயிடும்."

தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் அணை! முசிறியில் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1960களில், மாசி பங்குனி வந்துவிட்டால் நமக்கும் குளித்தலைக்கும் நடுவே காவிரி ஒரே மணல்வெளியாகக் கிடக்கும். ஏதோ ஒரு பக்கமாக முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். அந்தக் கொஞ்சத் தண்ணீரை வாய்க்கால் தலைப்புக்குத் திருப்ப ஊரார் சேர்ந்து கொரம்பு கட்டுவார்கள். கம்புகளை வரிசையாக அடித்து, கோரையும் தழையும் வைக்கோலும் அடைத்து, மேலே மணலை அள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான் கொரம்பு. கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது.

பெரியவர்கள் அங்கே கட்டும்போது நாங்கள் கொஞ்சம் தள்ளி எங்களுக்கென்று ஒரு சின்னக் கொரம்பு கட்டுவோம். ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டினேன் ஒருநாள். கால்மணி நேரம் நிற்கவில்லை. என் தாத்தா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆத்தை மறிக்காதேடா. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி சாய்ச்சுக் கட்டு" என்றார். சாய்த்துக் கட்டினேன், நின்றது. வெள்ளம் வந்தால் கொரம்பு அடித்துக்கொண்டு போய்விடும். அதற்காக யாரும் அழுததில்லை. போகட்டும் என்றுதான் அப்படிக் கட்டுவது. அது பிடிவாதமாக நின்றால் அல்லவா கரை உடையும்?

இதையே கல்லில் செய்து பார்த்த இடம் நமக்குக் கிழக்கே இருக்கிறது. கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பது வழிவழியாக வரும் செய்தி; ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பழைய அணையின் நீளம் சுமார் 1,080 அடி, அகலம் 40 முதல் 60 அடி. நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து நெளிந்து கிடக்கும். அங்கே என்ன சிக்கல் என்றால், முக்கொம்பில் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுப் போகும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. விட்டால் காவிரித் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தச் சரிவை அடைத்ததுதான் கல்லணை. மிஞ்சிய வெள்ளம் மட்டும் அதன்மேல் வழிந்து கொள்ளிடத்துக்குப் போகும்.

சரி, தோண்டத் தோண்ட மணலாக வரும் ஆற்றில் அடித்தளம் எப்படிப் போட்டார்கள்? தோண்டவே இல்லை என்பதுதான் விஷயம். பெரிய பெரிய கற்களை மணல்மேல் போட்டார்கள். ஓடும் தண்ணீர் கல்லைச் சுற்றியுள்ள மணலை அரித்தது, கல் தானாக உள்ளே இறங்கியது. அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கியது. இனி இறங்காது என்ற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே போய், இடையில் களிமண் சேர்த்தார்கள். கடற்கரையில் அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் போய் நாம் புதைகிறோமே, அதே கதைதான். அடித்தளம் போடும் வேலையில் பாதியை ஆறே செய்துகொடுத்தது.

1821-ல் பதினெட்டு வயதில் இந்தியா வந்த ஆர்தர் காட்டன் இதை உட்கார்ந்து படித்தார். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது அந்தப் பாடத்தை வைத்துத்தான். பிறகு கோதாவரியில் தவளேசுவரம். ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டுக்காரர்களிடம்தான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். படித்த துரை ஒருவர் இப்படி ஒப்புக்கொண்டது பெரிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் பத்து வயதுக் குழந்தை கொட்டாவி விடும். கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுப் பூச்சு வேலைக்கு வாங்கியதில் மிச்சம் ஒரு மூட்டை ஆற்று மணல் இருந்தது. சரிவாக ஒரு பள்ளம் வெட்டி, மணலைக் கொட்டி, மேல்முனையில் குழாயைத் திறந்துவிட்டோம். முதலில் அவளுடைய தெர்மாகோல் அணை. வைத்த மறுநிமிடம் படகாக மிதந்து வாழையடிக்குப் போய்விட்டது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விடவில்லை, போய் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து குறுக்கே வைத்தாள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தண்ணீர் அடியில் மணலைப் பறித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"தாத்தா, கீழே பூந்து வருது!"

அப்புறம்தான் கூழாங்கற்களைக் கொடுத்தேன். போட்டாள், இறங்கியது. போட்டாள், சாய்ந்து இறங்கியது. எண்ணிக்கொண்டே போட்டாள். நாற்பத்தொன்றாவது கல்லுக்குப் பிறகு இறங்குவது நின்றது. களிமண்ணை அவளே குழைத்து இடுக்கில் அப்பினாள். தண்ணீர் ஏறி, மேலே வழிந்து, மெதுவாக அந்தப் பக்கம் சறுக்கி இறங்கியது. நான் சொல்லாமலே, "ஓ, கல்லை ஆறே புதைச்சுக்குது" என்றாள். முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் இதை வரவழைத்தது கிடையாது.

மறுநாள் கொரம்பு. ஈர்க்குச்சி அடித்து, கோரை அடைத்து, வாழைப்பட்டையை வாய்க்காலாக வைத்தோம். எத்தனை சாய்த்தால் எவ்வளவு தண்ணீர் திரும்புகிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் நான் குழாயை முழுக்கத் திறந்தேன். கொரம்பு போய்விட்டது. வாழைப்பட்டை அப்படியே இருந்தது. "போகணும்னுதான் கட்டினதா?" என்றாள்.

அவளிடம் 2018 கதையையும் சொன்னேன். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, உடைப்பை அடைக்கப் போட்டது என்ன? மணல் மூட்டையும் பாறாங்கல்லும். புதிய கதவணை பின்னால் வந்தது; அவசரத்துக்கு வந்தது பழைய வித்தைதான்.

"நிஜ ஆத்துலயே கட்டலாமே தாத்தா, பக்கத்துலதானே இருக்கு" என்று மூன்றாம் நாள் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன், படித்துறை வரைக்கும். நாங்கள் ஓடி விளையாடிய மணல் இல்லை. அள்ளின இடமெல்லாம் பள்ளம். மேலே தண்ணீர் சமமாகத் தெரியும், எங்கே ஆளை விழுங்கும் என்று தெரியாது. எத்தனை பிள்ளைகளை அப்படிப் பறிகொடுத்திருக்கிறோம். கரையில் நின்று காட்டினேன். கையை விடவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொல்லையில் ஒரு மூட்டை மணலில் நான் காட்டியது ஏன் என்று புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது தெர்மாகோலை இங்கேயே விட்டுவிட்டு, நாற்பத்தொரு கூழாங்கல்லையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். "ரயில்ல இந்தக் கனத்தை யாரு தூக்குறது?" என்று அவள் அம்மா என்னைத்தான் முறைத்தாள்.